ஐயரைக் கூட்டி வரப் போனவர்

ஜூன் 3, ஞாயிறு

புது ஐயர் வந்துவிட்டார். சேகரச் செயலர் என்ற முறையில் நான்தான் சால்வை போட்டேன். பெயர் ஜோயல், வயது முப்பத்தொன்று. பீடத்தில் நிற்காமல் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவழியில் நடந்து நடந்து பேசினார். ஜெபப்புத்தகத்தில் மூன்று பக்கங்களைத் தாண்டிவிட்டார். எந்தெந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு வாத்தியார் சங்கரலிங்கம், "உங்க கோவில்லயும் ஐயரா வே?" என்று எப்போதும் கிண்டல் செய்வார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்பது வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துப் பழக்கம். ஒரு சேகரத்துக்கு, அதாவது ஒரு ஐயரின் கீழுள்ள சபைகளுக்கு, பேராயர் அலுவலகம் யாரை அனுப்புகிறதோ அவர்தான் ஐயர். இன்னார்தான் வேண்டும் என்று நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பிடிக்காவிட்டால் மனுப் போடலாம்.

வீட்டுக்கு வந்து, புது ஐயர் எப்படி என்று லில்லியிடம் கேட்டேன். "நல்லா உயரமா இருக்காரு" என்றாள். பாட்டுப் புத்தகத்தை அவள் இன்று திறக்கவே இல்லை. செயலர் மனைவி இப்படி உட்கார்ந்திருந்தால் நாலு பேர் பார்க்க மாட்டார்களா?

ஜூன் 5, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போய்விட்டதாம்.

ஜூன் 9, சனி

முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே லில்லி ஒரு செய்தி சொன்னாள். இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறதாம். ஈஸ்டருக்கு முன்பே தெரியுமாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தேவதிரவியம் ஐயர்ட்ட சொன்னேன். உடனே டாக்டரப் பாரும்மான்னாவ. அப்புறம் அவியளுக்கு மாத்தல் வந்துட்டு. அந்தக் கலக்கத்துல விட்டுட்டேன்."

கட்டிய புருஷனுக்குத் தெரியாத கட்டி பழைய ஐயருக்குத் தெரிந்திருக்கிறது. கோபம்தான் வந்தது. கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு அவளே ஆய்ந்து முடித்தாள்.

ஜூன் 12, செவ்வாய்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. சிஸ்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். பெயர் லில்லி புஷ்பம். வயது நாற்பத்தொன்பது. சர்க்கரை இல்லை. பிள்ளைகள் எத்தனை?

"இல்ல" என்றேன்.

"பிரசவமே ஆகலயா?"

லில்லி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு ஆச்சு" என்றாள். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதியதை அடித்துத் திரும்ப எழுதினாள். நான் காப்பி வாங்கி வரப் போனேன். காப்பியில் சிக்கரி அதிகம்.

ஜூன் 19, செவ்வாய்

அதுதான். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் சந்தேகமே இல்லை என்றுவிட்டார் டாக்டரம்மா. ஜூலை 19 வியாழக்கிழமை ஆபரேஷன். மார்பை எடுக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. செய்துங்கநல்லூர் தாண்டியதும் சொன்னாள்:

"ஆபரேஷனுக்கு முன்னால ஒரு ஐயர்ட்ட உக்காந்து பேசணும். எனக்கு ஏத்த ஐயரா வேணும்."

"அதான் சேகரத்து ஐயர் இருக்காவளே. நாளைக்கே வரச் சொல்லுதேன்."

"ஏத்தவரான்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஐயரில் ஏற்றவர் ஏற்காதவர் என்று உண்டா? குருப்பட்டம் பெற்றவர் எவரும் ஒன்றுதான். அப்பமும் திராட்சரசமும் யார் கையால் கொடுத்தாலும் திருவிருந்து திருவிருந்துதான். சபைச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இதை அவளிடம் விளக்கினேன். அவள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

ஜூன் 22, வெள்ளி

ஜோயல் ஐயர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டியது வரை பதினோரு நிமிஷம். நடுவில் இரண்டு தடவை போன். "பாசிட்டிவா இருங்க ஆன்ட்டி" என்றார். ஜெபம் உருக்கமாகவே செய்தார், குறை சொல்லக் கூடாது. எழுந்திருக்கும்போது லில்லி கேட்டாள்:

"ஐயரே, ஞானஸ்நானம் இல்லாம செத்த பிள்ளைய ஆண்டவர் சேத்துக்கிடுவாரா? நான் போனா அங்க அவனப் பாப்பனா?"

ஐயருக்கு முகம் சிறுத்துப் போனது. பாவம், வயது முப்பத்தொன்று. "எனக்குத் தெரியல ஆன்ட்டி. புக்ல பாத்துச் சொல்றேன்" என்றார்.

அவர் போன பிறகு, "நல்ல பையன். பொய் சொல்லல" என்றாள் லில்லி. "ஆனா இன்னும் புக்ல பாக்கணும்."

அதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறாய் என்று கேட்க நினைத்தேன். கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டேன்.

ஜூன் 24, ஞாயிறு

பழைய ஏற்பாட்டுப் பாடம் நான் வாசித்தேன். மைக் கரகரத்தது.

ஜூன் 29, வெள்ளி

லில்லியின் தங்கை ரூபி, தான் போகிற பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் மோசஸ் கனிராஜைக் கூட்டி வந்திருந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கணீரென்று குரல். தாலியையும் கம்மலையும் கழற்றிவிட்டு, சின்ன வயதில் தலையில் தெளித்தது செல்லாது என்று ஒப்புக்கொண்டு, கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் கட்டி கரைந்துவிடும் என்றார். கத்தி வைக்க வேண்டாமாம்.

லில்லி பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஜோயல் ஐயரிடம் கேட்ட அதே கேள்வியை இவரிடமும் கேட்டாள். இவர் புத்தகம் பார்க்கவில்லை. கேட்டு முடிக்குமுன் பதில் வந்தது. தாய் தகப்பன் செய்த பாவத்துக்குத்தான் பிள்ளையைக் கர்த்தர் எடுத்தாராம். அந்தப் பிள்ளை குடிக்காத மார்பில்தான் இப்போது கட்டி வந்திருக்கிறதாம்.

ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். கை எழும்பவில்லை. நான் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "காப்பி ஆறுது, குடிங்க."

லில்லிதான் எழுந்து நின்று, "பாஸ்டர், வெயில் ஏறுததுக்கு முன்னால கிளம்புங்க" என்றாள். மணி அப்போது பன்னிரண்டு.

காப்பி டம்ளரைக் கழுவி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூலை 1, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். லில்லி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டிக்கொண்டு நான் மட்டும் போனேன். முழங்காலில் இருந்தபோது முதுகுப் பக்கம் முழுக்க அவளே இருப்பதாகத் தோன்றியது.

ஜூலை 3, செவ்வாய்

"எல்லாரையும் பாத்தாச்சு. தேவதிரவியம் ஐயர் ஒருத்தருதான் எனக்குச் சரியா வரும்" என்றாள்.

அப்படி அவரிடம் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டது கொஞ்சம் உரக்க ஆகிவிட்டது.

"அவிய புதன்கிழமை புதன்கிழமை வருவாவ. நீங்க ஆபீசுல இருப்பிய. வந்து உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிப்பாவ. ஒருநாள் கேட்டாவ, பிள்ள எப்படிம்மா இருந்தான்னு. இருபத்துநாலு வருசத்துல ஒருத்தர் அதக் கேக்கல. தல நிறைய முடியா இருந்தான் ஐயரேன்னு சொன்னேன். அவியளுக்குக் கண்ணு கலங்கிட்டு."

முடி இருந்தது எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது துணியில் சுற்றியிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள் ஆராதனை. அன்று அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம், ஐயர் வாசிப்பார். லில்லியும் ஒரு சீட்டுக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. தேவதிரவியம் ஐயர் அதை வாசித்தார். ஒரு பெயர். அப்புறம் "இயேசுவடியான், லில்லி புஷ்பம் தம்பதியரின் மகன், வயது நாற்பது நிமிஷம்" என்றார். கல்லறைத் தோட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையின் பெயரைச் சபையில் வாசிக்க ஜெபப்புத்தகத்தில் இடமில்லை. அந்தப் பிள்ளைக்கு அடக்க ஆராதனையும் நடக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, வேப்பமரத்துப் பக்கம்தான் புதைத்தது. அப்போதிருந்த ஐயர் விதியைச் சொன்னார், விதி அதுதான்.

சேகரத்தில் சிலருக்குத் தேவதிரவியம் ஐயரின் முறைமை தவறிய நடத்தை பிடிக்கவில்லை. பேராயர் அலுவலகத்துக்கு ஒரு மனு போயிற்று. மே மாதம் மாற்றல் வந்தது. இவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 7, சனி

மணல்விளை போய் வந்தேன். மூன்று பஸ் மாற வேண்டும். கடைசியில் இறங்கி, செம்மணலில் கால் புதையப் புதைய அரை மைல் நடை. அந்தச் சேகரத்துக்கு ஐயர்மார் யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஐயர் குடியிருக்கும் குருமனைக் கூரையில் இரண்டு இடத்தில் தார்ப்பாய் போட்டிருந்தது.

தேவதிரவியம் ஐயர் கொடியில் அங்கியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க செயலரே" என்று சொல்லி, அடுத்த மூச்சில், "லில்லி அந்தக் கட்டியக் காட்டுனாளா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் நாளையும் சொன்னேன். உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறாள், ஒரு நடை வர வேண்டும் என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினார். மாற்றல் உத்தரவோடு வந்தது. 'மேற்படியார் மூன்று வருஷ காலத்திற்கு மேற்படி சேகரத்து அங்கத்தினர் எவருக்கும் எவ்விடத்திலும் எவ்வித ஊழியமும் செய்யலாகாது.'

பேராயர் அலுவலகத்தில் அந்த வாக்கியத்தை மாற்றவே இல்லை. மனுவில் இருந்தபடி, முற்றுப்புள்ளி முதற்கொண்டு அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் 'மேற்படி சேகரத்தில்' என்றுதான் இருந்தது. அப்படி விட்டால் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று வேறு எங்காவது வைத்து ஊழியம் செய்வார், ஓட்டை இருக்கிறது என்று யோசித்து 'எவ்விடத்திலும்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. சேர்த்தபோது அது நல்ல சொல்லாகத்தான் தெரிந்தது.

"யாரோ நல்லா எழுதத் தெரிஞ்சவரு" என்றார் ஐயர். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மீறுனா அங்கியக் கழத்தச் சொல்லுவாவ. ரிட்டயராக எனக்கு இன்னும் ஒண்ணர வருசந்தான் இருக்கு. லில்லிக்காக வாரேன், அதுல ஒண்ணுமில்ல. நீங்க செயலரு. வான்னு நீங்க சொன்னா வாரேன். சொல்லுங்க."

ஐயரம்மா முழங்கால் வலியோடு எழுந்து வந்து காப்பி வைத்தாள். தண்ணீரின் உப்பு காப்பியிலும் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். வா என்று ஒரே எழுத்துதான். "லில்லிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். லில்லியிடம் கேட்க என்ன இருக்கிறது? அவள்தானே அனுப்பினாள்!

ஜூலை 8, ஞாயிறு

தலைவலி. கோவிலுக்குப் போகவில்லை. செயலரான பிறகு இது முதல் தடவை.

ஜூலை 10, செவ்வாய்

"ஐயர் எப்ப வாரேன்னாவ?" என்று இரண்டு நாளாகக் கேட்டாள். ஐயருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"மனு எழுதுனது நீங்கதானன்னு எனக்குத் தெரியும்."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"ஐயரம்மா மாத்தலாகிப் போகுற அன்னைக்கு அந்த உத்தரவ எங்கிட்ட காட்டுனாவ. நாலு வரியில அஞ்சு மேற்படி. இந்தச் சேகரத்துல அப்படி யாரு எழுதுவா? பால்காரன் கணக்குலயே மேற்படி போடுத ஆளு நீங்க."

"லில்லி..."

"சண்டைக்குச் சொல்லல. தெரிஞ்சுகிட்டேதான் சோறு போட்டேன். அவியளுக்கு உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லாதிய. அத மட்டும் சொல்லாதிய."

மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியாத வயதா எனக்கு? சொல்ல வரவில்லை.

ஜூலை 11, புதன்

அலுவலகத்துக்கு லீவு போட்டேன். லில்லி ரூபி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எழுதி வைத்துவிடுகிறேன்.

1994, செப்டம்பர். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். காலை ஏழே காலுக்குப் பிள்ளை பிறந்தது. மூச்சுத் திணறுகிறது, பாளையங்கோட்டை போய்ச் சேராது என்றார்கள். அங்கே ஒரு வயதான நர்ஸ் இருந்தாள், பெயர் மறந்துவிட்டது. வெளியே ஓடி வந்து, "சார், நீங்க படிச்சவுக. தண்ணியத் தொட்டு நீங்களே ஞானஸ்நானம் குடுத்துருங்க. ஆபத்துல யாரும் குடுக்கலாம்லா?" என்றாள். கையில் ஒரு எனாமல் கிண்ணத்தில் தண்ணீர்கூடக் கொண்டு வந்திருந்தாள்.

யாரும் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஜெபப்புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். ஆனால் அது வேறு வழியே இல்லாதபோது. ஐயர் ஒன்றரை மைல் தூரத்தில்தானே இருந்தார். முதல் பிள்ளை. ஒழுங்காக, அங்கி போட்ட ஐயர் கையால் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். "ஐயரக் கூட்டிட்டு வந்துருதேன்" என்று சைக்கிளை எடுத்தேன். ஐயர் குளித்துக்கொண்டிருந்தார். குருமனை வாசலில் காத்திருந்தேன். குளித்து முடித்து, அங்கியைப் பையில் வைத்து, புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். கேரியரில் உட்கார வைத்து மிதித்தேன். நாங்கள் போனபோது மணி ஏழு ஐம்பத்தெட்டு. துணியில் சுற்றிவிட்டிருந்தார்கள். மூன்று நிமிஷம்தான் பிந்தியிருக்கிறோம்.

அந்த நர்ஸ் கிண்ணத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஒழுங்காக நடக்க வேண்டும் என்றுதான் போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 14, சனி

பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனு எழுதியது நான், அதில் கண்டவை முறைமை பற்றியவை அல்ல, என் சொந்த மனத்தாங்கல், தடையை நீக்க வேண்டுகிறேன் என்று. ஆறு தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். ஒரு மேற்படிகூடப் போடவில்லை. இந்தத் தடவை கையெழுத்தும் போட்டேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பேராயர் வெளிநாடு போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் திரும்புவார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வாங்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தட்டில் ஏற்கெனவே நிறையக் கடிதங்கள் கிடந்தன.

அடைக்கு வைத்த கோழி எழுந்துவிட்டது. முட்டை பதினொன்றில் ஆறுதான் பொரித்திருக்கிறது.

ஜூலை 18, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பெண்கள் வார்டு, ஏழாம் நம்பர் கட்டில். நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தியேட்டர். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து மணல்விளைக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை வைத்துவிட்டு, மூன்றாவது தடவை பேசினேன்.

"ஐயரே, வாங்க."

"நாளைக்கு முதல் பஸ்ஸப் பிடிச்சிருதேன்" என்றார். அந்தத் தாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

லில்லியிடம் சொன்னேன். என் கையைத் தொட்டாள். எத்தனை வருஷம் கழித்து என்று யோசித்தேன்.

ஜூலை 19, வியாழன்

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டே முக்கால்.

காலை ஏழரைக்கு ஐயர் போன் செய்தார். பஸ் டயர் வெடித்து நடுவழியில் நிற்கிறது, வேறு பஸ் பார்க்கிறேன் என்றார். எட்டு மணிக்கு சிஸ்டர் வந்து, முந்தின கேஸ் இல்லை, எட்டரைக்கே கூப்பிடுவார்கள், தயாராக இருங்கள் என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு டாக்சி பிடித்துப் போனால் எதிரே போய் ஐயரை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்து எழுந்தேன்.

"எங்க போறிய?" என்றாள் லில்லி.

"ஐயரக் கூட்டிட்டு வந்துருதேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. லில்லி பச்சை கவுனில், தாலி கம்மல் எல்லாம் கழற்றிப் படுத்திருந்தாள். என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதிய. அன்னைக்கும் இப்படிச் சொல்லிட்டுத்தான் போனிய."

உட்கார்ந்துவிட்டேன்.

"அவன் மூச்சு நிக்குத வரைக்கும் நான் வாசலயே பாத்துட்டிருந்தேன். ஐயருக்காக இல்ல. நீங்க வருவியன்னு."

இருபத்துநாலு வருஷம் நான் ஐயர் பிந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தேடியிருக்கிறாள். அழுதுவிட்டேன். வார்டில் பன்னிரண்டு கட்டில். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"லில்லி, என்ன மன்னிச்சிரு" என்றேன். ஒருவழியாக வந்துவிட்டது.

அவள் வேட்டி முனையை விட்டாள். "உங்களுக்கு அடக்க ஆராதனை மனப்பாடந்தான? ஊருல எத்தன பேருக்கு ஐயர் கூட நின்னு சொல்லிருக்கிய. அவனுக்குச் சொல்லுங்க. பேரச் சேத்துச் சொல்லுங்க."

"நான் ஐயர் இல்லயே லில்லி. சாவுக்குச் சொல்லுதத இங்க வச்சா? ஆபரேஷனுக்குப் போகையில?"

"எனக்கு இவ்வளவுதான் வேணும். இதுக்குத்தான் ஒவ்வொருத்தரா பாத்தேன்."

சொன்னேன். எத்தனையோ பேருக்கு நின்று சொன்ன ஆராதனை, ஒரு சொல்கூட இடறவில்லை. பெயர் சொல்லும் இடம் வந்தபோது மட்டும் நின்றுவிட்டேன். நவம்பரில் அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு அவமானமாக இருந்தது. லில்லி பிள்ளைக்குத் தன் அப்பா பெயரை வைத்திருக்கிறாள். நான் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. லில்லி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

எட்டாம் நம்பர் கட்டில்காரம்மாவுக்குத் துணையாக இருந்தவள் எங்கள் பக்கத்துச் சபைக்காரியாக இருக்க வேண்டும். என்ன சொல்கிறேன் என்று புரிந்துவிட்டது. "ஐயா, உசுரோட இருக்குத பொம்பளகிட்ட என்னத்தச் சொல்லுதிய, அறிவிருக்கா?" என்று திரையை இழுத்து மூடினாள். நான் நிறுத்தவில்லை.

மூன்று தடவை மண் போடும் இடம் வந்தது. மண்ணுக்கு எங்கே போவேன்? லில்லி தண்ணீர் குடிக்கக் கூடாதென்று சிஸ்டர் தள்ளி வைத்துவிட்டுப் போன டம்ளர் ஜன்னலோரம் இருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மூன்று தடவை தண்ணீர் விட்டேன். அவள் கையை மூடிக்கொண்டாள். ஸ்டிரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டு போகிற வரைக்கும் திறக்கவில்லை. ஊசி போடக் கையை நீட்டச் சொன்னதற்கு மற்றக் கையைக் கொடுத்தாள்.

தேவதிரவியம் ஐயர் பத்தே முக்காலுக்கு வந்தார். செருப்பெல்லாம் செம்மண். பையில் அங்கி இருந்தது. மூடியிருந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிந்திட்டனே செயலரே. ஜெபம் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"யாரு பண்ணுனா?"

"நான்தான்."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மனுவை எழுதியது நான்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று கேட்கத் தெம்பில்லை. இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. ஜெபிக்கிறாரா, அசந்து தூங்குகிறாரா என்று தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்றார்கள். நாலு மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு தடவை டாக்டர்கள் உள்ளே ஓடினார்கள், ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், இருங்க சார் என்கிறார்கள். இருக்கிறேன். எங்கும் போக மாட்டேன்.

சேகரத்து அடக்கப் பதிவேடு என் பொறுப்பில்தான் பதினேழு வருஷமாக இருக்கிறது. 1994 செப்டம்பர்ப் பக்கத்தில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. பதிவேடு இப்போது கையில் இல்லை. இதில் எழுதி வைக்கிறேன், ஊருக்குப் போனதும் அதில் ஏற்ற வேண்டும்.

பெயர்: கமாலியேல்.

பெற்றோர்: இயேசுவடியான், லில்லி புஷ்பம்.

வயது: நாற்பது நிமிஷம்.

அடக்கம் செய்த இடம்: மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடி.

ஆராதனை நடந்த நாள்: 19 ஜூலை 2018.

நடத்தியவர்: தகப்பன்.